சுவரில் இரண்டு தட்டு

பீர்மேட்டுக்கு ஏறிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர். இளையவள் சொன்னாள்:

"அக்கா, செத்துப்போன செல்வி நேத்து மத்தியானம் சுவத்தத் தட்டி என்னயக் கூப்பிட்டா."

"ஒம் பக்கத்து வீட்டுக்காரியா? அந்த வீடு பூட்டியில்ல கெடக்கு?"

"எங்க ரெண்டு பேருல யாரு மாட்டுக் கொத்துக்கறி ஆக்குனாலும் சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவோம். மத்தவ கிண்ணத்தோட போவணும். நேத்து வாசமும் அங்கிருந்துதான் வந்துச்சு."

"நீ போகலைல்ல?"

"வெறுங்கிண்ணத்த அவ வாசல்ல வச்சுட்டு ஓடியாந்துட்டேன். சாயங்காலம் பாத்தா நெறைஞ்சு, சுடச்சுட இருந்துச்சு."

பஸ் இரண்டு வளைவு திரும்பியது. மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கொட்டிட்டியா?"

"உப்புத்தான் கொஞ்சம் கம்மிக்கா. அவ எப்பவும் அப்படித்தானே போடுவா."