அரிப்பு பஸ்ஸில் ஒரு பழைய பற்றரி

அரிப்பிலிருந்து மன்னாருக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் ஆசனத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள். பழைய கார் பற்றரி ஒன்றை பிளாஸ்டிக் பேசினில் வைத்து, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்திருந்தாள்.

"இதை என்ர மனிசனுக்குத் தெரியாமல் கொண்டுபோறன், அக்கா," என்றாள் பக்கத்திலிருந்த பெண்ணிடம்.

"எங்க?"

"பழைய பற்றரி எடுக்கிற கடைக்கு. சார்ஜ் போட்டு, பல்பு பூட்டிப் பார்த்தாச்சு. உடனே மங்கிப்போச்சு. இவர் அசிட்டைக் கிணத்தடியில ஊத்திப்போட்டு, உள்ள கிடக்கிற ஈயத்தை உருக்கி வலைக்குக் குண்டு வார்க்கப் போறாராம். அதுவும் குசினி அடுப்பில."

"ஐயோ, இந்த நேரத்தில அந்தப் புகையோ?"

"வயித்துப் பிள்ளைக்குக் கூடாது எண்டு மிட்வைஃப் மிஸ்ஸும் சொன்னவ. இவர் கேட்டால்தானே. கடலுக்குப் போன நேரம் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்திட்டன்."

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. இருவரும் குனிந்து பேசினைப் பிடித்தார்கள். அசிட் சிந்தவில்லை.

வங்காலையைத் தாண்டியபோது அவளுடைய போன் அடித்தது.

"ஓம், நான்தான் எடுத்தனான்... ஓம், பஸ்ஸில..." பிறகு போனை மடியில் வைத்தாள்.

"கரைக்கு வந்திட்டாரோ? ஏசுறாரோ?"

"ஓம் அக்கா. வயித்தில பிள்ளையோட இவ்வளவு பாரத்தை ஏன் தூக்கினனி எண்டு ஏசுறார். பஸ் ஸ்ராண்டில நிக்கட்டாம். மோட்டச்சைக்கிளில வந்து தானே தூக்கிறாராம்."

"வீட்டையோ, கடைக்கோ?"

"அதையும் கேட்டனான். கடைக்குத்தானாம்."