ஏழு மணி வைஃபை

போன் வச்சிருக்கறவங்க எல்லாம் மொதல்ல வைஃபையை அணைங்க. சிரிக்காதீங்கடா... கதை முடியறப்ப நீங்களே அணைப்பீங்க, அதான் இப்பவே சொல்றேன்.

சாயங்காலம் ஏழு மணி. ஊருக்கு வெளிய, மூடிப்போன செங்கல் சூளை தாண்டி ஒரு வளைவு ரோடு. விளக்கு கிடையாது. அந்த ரோட்டுல தினமும் ஒரு ரொட்டி வண்டி காலியா திரும்பி வரும். பின்னாடி வெறும் ட்ரே அடுக்கு... கடகட... கடகடன்னு. ஓட்டறது யாருன்னா, நம்ம சோடாபுட்டி இருக்கான்ல, அவனோட அக்கா வீட்டுக்காரர்.

அக்கா அவருக்கு ரெண்டாந்தாரம். மூத்தவ அதே வளைவுல, அதே வண்டியில, முன்சீட்டுல உக்காந்து வந்தப்ப போய்ச் சேர்ந்துட்டா. லாரி இடிச்சது. அவ கையில இருந்த போன் தூள்தூளாப் போச்சு. இவருக்கு ஒரு கீறல் மட்டும்தான்.

அக்காவுக்கு மொபைல் சர்வீஸ் கவுண்டர்ல வேலை. "நெட் வரலம்மா"ன்னு வர்றவங்க போனை வாங்கி, ஏரோப்ளேன் மோடு போட்டு எடுக்கறது, சிம்மைக் கழட்டித் துடைச்சுப் போடறது... கைராசிக்காரின்னு பேரு. ஆனா ஊர் போனெல்லாம் சரி பண்ணினவளுக்கு வீட்டுக்காரர் போன் மட்டும் அடங்கல. தினமும் ஏழு மணிக்கு அவரோட டேட்டா செத்துப்போகும். மெசேஜ் போட்டா ஒத்தை டிக். கூப்பிட்டா 'தொடர்பு எல்லைக்கு வெளியே'. கொஞ்ச நேரத்துல தானா வந்துடும். அவர் வீட்டுக்குள்ள நுழையறப்ப மொகத்துல ஒரு சிரிப்பு இருக்கும் பாருங்க... வேற யாருக்கோ சிரிச்சுட்டு மிச்சத்தை இவகிட்ட கொண்டு வர்ற மாதிரி.

அக்காவுக்கு வயிறு எரியும். லேசா இல்ல, திகுதிகுன்னு. மூத்தவ போட்டோவை அலமாரியில கவுத்து வச்சவளே இவதான். உயிரோட இருக்கறவன்னா குடுமிப்பிடிச் சண்டை போடலாம்... செத்தவகிட்ட எதைப் பிடிச்சுச் சண்டை போட?

ஒரு நாள் அவர் போனை நோண்டினா. சந்தேகப்படற மாதிரி பொம்பளை நம்பர் ஒண்ணும் இல்ல. ஆனா சேமிச்சு வச்ச வைஃபைல ஒண்ணு இருந்துச்சு. பேரு 'பட்டு'. மூத்தவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவாராம். அவ போனோட ஹாட்ஸ்பாட்.

"இது இன்னும் எதுக்குங்க?"

"இருந்துட்டுப் போகட்டுமே. உன்னை என்ன பண்ணுது?"

என்ன பண்ணுதாம்! மறுநாளே போனைக் கடைக்குக் கொண்டு போய் நெட்வொர்க் ரீசெட் போட்டா. பழைய வைஃபை, பாஸ்வேர்டு எல்லாம் சுத்தமா துடைச்சாச்சு. போனை அவர் கையில கொடுத்து அனுப்பினா. ஏழு மணி... ஒத்தை டிக். வீட்டுக்கு வந்ததும் வாங்கிப் பாத்தா, 'பட்டு' பழையபடி வந்து குந்தியிருக்கு.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்"னு அடுத்த நாள் வண்டியிலயே ஏறிட்டா. முன்சீட்டு. அவர் போன் அவ மடியில.

சூளை தாண்டுச்சு. கடகட... கடகட... சட்டுன்னு ட்ரே சத்தம் நின்னுடுச்சு. வண்டி குழியில ஏறி இறங்குது, ட்ரே மட்டும் ஆடல. நடுவுல யாரோ உக்காந்து பிடிச்சுக்கிட்ட மாதிரி. ரொட்டி வாசனையோட இன்னொரு வாசனை... ஷாம்பூ. ஈரத் தலை. போன்ல டேட்டா குறி மறைஞ்சுது. விசிறி மாதிரி வைஃபை குறி முளைச்சுது. 'பட்டு. இணைக்கப்பட்டது.'

ஹாட்ஸ்பாட் எவ்வளவு தூரம் எட்டும்? நாலு வீடு தாண்டாது. இங்க ஒரு வீடே இல்ல. அக்கா தொழில் தெரிஞ்சவளாச்சே... போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டினா. சிக்னல் குறைஞ்சுது. அவர் பக்கம் கொண்டு போனா. குறைஞ்சுது. தலைக்குப் பின்னாடி, சீட்டு மேல வச்சுப் பாத்தா... முழுசா இருந்துச்சு.

அவ முதுகுக்கு நேர் பின்னால இருந்துதான் வருது.

வேற எவளா இருந்தாலும் அலறியிருப்பா. அக்காவுக்குப் பயம் வரல, பொறாமைதான் பொத்துக்கிட்டு வந்துச்சு. 'செத்தும் இந்த மனுஷனை விடமாட்டியாடி?' அவர் போன் தமிழ்ல இருக்கும். 'பட்டு' மேல விரலை வச்சா. கீழ ஒரு பட்டன் வந்துச்சு... 'மறந்துவிடு'.

'மறந்துடுய்யா... அவளை மறந்துடு'ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தினா.

வைஃபை போச்சு. வாசனை போகல. அவர் வண்டியை ஓரங்கட்டினார். மெதுவா இவ பக்கம் திரும்பினார். கல்யாணமான நாள்ல இருந்து வாடி போடின்னு பேசற மனுஷன்... அவ்வளவு மரியாதையா கேட்டார்.

"நீங்க எங்கம்மா இறங்கணும்?"

"என்னங்க... நான்தாங்க!"

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் வீட்டுக்காரி ரொம்ப நேரமா பின்னாடி ட்ரே நடுவுல குறுகி உக்காந்து வர்றா. முன்சீட்டு அவளோடது."

பின்னாடி ஒரு ட்ரே மட்டும் நகர்ந்துச்சு. கர்ர்ர்...

அக்கா எப்படி இறங்கினா, எப்படி ஓடினான்னு அவளுக்கே தெரியல. அம்மா வீட்டுக்கு வந்து விழுந்தவ, வேலைக்குப் போயிருந்த சோடாபுட்டிக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லி அழுதா. பெரியவங்க போய்ப் பேசினாங்க. அவர் உக்கார வச்சுத் தண்ணி கொடுத்து, "யாரைப் பத்திச் சொல்றீங்க?"ன்னு கேட்டாராம். உள்ள பாத்ரூம்ல யாரோ குளிக்கிற சத்தம். அதுக்கு மேல யாரும் அங்க உக்காரல.

கொஞ்ச நாள் கழிச்சு, ஒரு பகல்ல, அவர் கடைக்கே வந்தார். நேரா அக்கா கவுண்டருக்கு. இது பக்கத்து கவுண்டர் பொண்ணு கண்ணால பாத்தது. அவர் நீட்டின போன் கண்ணாடி தூள்தூளா உடைஞ்சிருந்துச்சு... ஆனா எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"மேடம், இது என் வீட்டுக்காரி போன். இதோட ஹாட்ஸ்பாட்ல என் போன் தவிர இன்னொண்ணும் சேர்ந்திருக்குன்னு காட்டுது. யாருதுன்னே தெரியல. 'எவ அவ?'ன்னு கேட்டு வீட்ல தினமும் சண்டை. அதை எடுத்து விட்டுடுங்களேன்."

அக்கா பாத்தா. அந்த இன்னொண்ணு அவளோட போன். அது அணைச்சபடி அவ கைப்பையில கிடக்கு. பக்கத்துல ஒரு பட்டன், 'மறந்துவிடு'. ஹாட்ஸ்பாட்ல அப்படி ஒரு பட்டனே கிடையாதுன்னு அக்காவுக்குத் தெரியும்.

நிமிர்ந்தா. அவர் மொகத்துல அதே சாயங்காலச் சிரிப்பு. அதையே பாத்துக்கிட்டு நின்னாளாம். கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நின்னுச்சாம். அப்புறம் விரல் கீழ இறங்குச்சாம்.

அந்தப் பொண்ணு சொல்லி, சோடாபுட்டி பதறிப்போய் அக்காவுக்குப் போன் போட்டான்.

"அக்கா... மாமா கடைக்கு வந்தாராமே?"

அந்தப் பக்கம் பில் கிழிக்கற சத்தம். அப்புறம் அக்கா சாவகாசமா கேட்டா...

"எந்த மாமாடா?"