மூச்சுப் பார்க்க வருபவன்

எங்கள் நகரச் சிறையில் எங்கும் எழுதி ஒட்டாத விதி ஒன்று இருக்கிறது. அறைகளைப் பார்க்கச் சுற்றுப் போனாலும் போகாவிட்டாலும் பதிவில் போனதாகவே இருக்க வேண்டும். போகவில்லை என்று எவரும், எவரிடமும், எந்த இடத்திலும் சொல்லக் கூடாது. வேலையில் சேரும் நாளில் கையில் கொடுக்கிறார்களே தடித்த புத்தகம், அதில் இது இல்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் மற்ற விதிகளையெல்லாம் கூசாமல் மீறுகிறவர்களும் இந்த ஒன்றை மீறத் துணிவதில்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சாலையெல்லாம் பனிக்கட்டி. காலை ஆட்கள் வந்து நம்மை விடுவிக்க எட்டு மணியாவது ஆகும். இருப்பதோ ஒரே ஒரு ஹீட்டர். காப்பி தீரும் வரை சொல்கிறேன்.

இது எனக்கு நடந்ததல்ல. முன்பு நம் சமையலறையில் இருந்த நெல்டா ஒச்சோவாவின் அண்ணன் ரூபெனுக்கு நடந்தது. நீங்கள் யாரும் சேர்வதற்கு முன்பு, இதே கட்டடத்தில், இதே மேசையில்.

ஜனவரி மாதம். இரவு பத்து நாற்பது. பருத்தி அரவை ஆலையைத் தாண்டினால் இருபது மைலுக்கு ஒரு விளக்கும் இல்லாத பண்ணைச் சாலை... அதன் மஞ்சள் நடுக்கோட்டின் மேல் ஒருவன் நடந்துகொண்டிருந்தான். குளிருக்கு மேல்கோட்டு இல்லை. ஒரு காலில் பூட்ஸ் இல்லை. ரோந்துக் காரின் வெளிச்சம் மேலே விழுந்தபோது அவன் ஓடவில்லை. நிறுத்தியதற்கு நன்றி சொன்னானாம்.

பெயர் லோனி ட்ராமெல். வயது முப்பத்தொன்று. ஆலையில் பஞ்சுப் பொதி கட்டுகிறவன். எங்கோ பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து பின்னந்தலை வீங்கியிருந்தது. மூச்சில் விஸ்கி வாடை அடித்ததால் அந்த வீக்கத்தை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. பதினான்காம் அறையில் போட்டார்கள். கடைசி நடைவழியின் கடைசி அறை.

குடித்தவனை உள்ளே வைத்தால் அரை மணிக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். கதவின் கண்ணாடி முன் நிற்க வேண்டும். நெஞ்சு ஏறி இறங்குவதைக் கண்ணால் காண வேண்டும். பிறகுதான் சுவரில் பதித்திருக்கும் உலோக வில்லையைக் கையிலுள்ள மின்னணுக் கோலால் தொட வேண்டும். பீப் என்று ஒரு சத்தம், நேரம் பதிவாகிவிடும். ஏமாற்றவே முடியாத ஏற்பாடு என்று சொல்லித்தான் அதை நகராட்சிக்கு விற்றார்கள்.

மேசையிலிருந்து கடைசி நடைக்கு அறுபத்திரண்டு அடி. வெப்பக்குழாய் அங்கே எட்டுவதில்லை. மூத்திர நாற்றம் மட்டும் எட்டும். எனவே எவரோ, என்றோ ஒருநாள், அங்கிருந்த நான்கு வில்லைகளையும் சுவரிலிருந்து பெயர்த்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று வரிசை தவறாமல் மேசையின் அடிப்பலகையில் ஒட்டிவிட்டார்கள். பெயர்த்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அதாவது, எல்லாருக்கும் தெரியும்... டெனிஸ், மேசைக்கு அடியில் கையை விட்டுப் பார்க்காதே. கதையைக் கேள்.

அன்றிரவு மேசையில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் சார்ஜென்ட் கோபர்ன். மற்றவன் ரூபென்; பத்தொன்பது வருடப் பணி, ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினொரே மாதம். தகரத்தாளில் சுற்றிய மாட்டிறைச்சி டாக்கோக்களை இருவரும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்றரை இருக்கும். கடைசி நடையிலிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. முரட்டுத் தட்டல் அல்ல. விருந்தாளி தட்டுவதைப் போல.

"பாஸ்... பாஸ்... ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்க பாஸ். தலை என்னமோ பண்ணுது. குளிருது."

ரூபென் எழுந்தான். கோபர்ன் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"எங்க கிளம்பிட்ட? தாலாட்டுப் பாடவா?"

"தலை வலிக்குதுங்கறான், சார்ஜ்."

"அஞ்சு பாட்டில் உள்ள போயிருக்கு. வலிக்காம என்ன, கிச்சுக்கிச்சா மூட்டும்? உக்காரு ஒச்சோவா. இன்னிக்கு நீ போனா நாளைக்கு நானும் போணும். அப்புறம் எல்லாரும் போணும்."

ரூபென் உட்கார்ந்தான். மேசைக்கு அடியில் கோலை நீட்டித் தொட்டான். பீப்.

அரை மணிக்கொரு பீப். இடையிடையே தட்டல். ஒரு மணிக்கு மேல் அது இடைவெளி விட்டு விட்டு வந்தது. இரண்டு மணிக்கு நின்றுபோனது.

"பாத்தியா?" என்றார் கோபர்ன். "தூங்கிட்டான்."

ஆறு மணிக்குக் காலை உணவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள் நெல்டாதான். பதினான்காம் அறைக் கதவுக்குப் பின்னால் அவன் மண்டியிட்டிருந்தான். கன்னம் கண்ணாடியில் அப்பியிருந்தது. கண் திறந்திருந்தது, நடையைப் பார்த்தபடி... யாரோ வருகிறார்களா என்று பார்க்கிறவனைப் போல. தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது, உயிர் போனது இரண்டு மணி வாக்கில் என்றார் மருத்துவர். பதிவிலோ இரண்டரைக்கு 'தூங்குகிறார், மூச்சு உண்டு'. மூன்றுக்கு 'மூச்சு உண்டு'. ஐந்தரை வரை அப்படியே. செத்த பிறகும் எங்கள் பதிவில் ஏழு முறை மூச்சு விட்டிருக்கிறான் லோனி ட்ராமெல்.

அவனைப் புதைத்த மூன்றாம் நாள். இரவு இரண்டரை. கடைசி நடையில் அன்று ஆளே இல்லை. இருந்தாலும் பழக்கதோஷம், ரூபென் மேசைக்கு அடியில் கோலை நீட்டினான். பீப்.

கடைசி நடையிலிருந்து இன்னொரு பீப் பதில் சொன்னது.

"குழாய்ச் சத்தம்" என்றார் கோபர்ன், தலையை நிமிர்த்தாமல்.

ரூபென் எழுந்து போனான். பல வருடங்களில் முதல் முறையாக அறுபத்திரண்டு அடியும் நடந்தான். சுவரில் வில்லை இருந்த இடத்தில் காய்ந்த பசையும் ஒரு குழியும்தான் இருந்தன. பதினான்காம் அறை காலி. ஆனால் கதவுக் கண்ணாடியில் ஒரு வாய் அளவுக்கு மூச்சு படிந்திருந்தது. அறைக்குள்ளிருந்து அல்ல, நடைப் பக்கத்திலிருந்து. காவலன் நின்று பார்க்க வேண்டிய பக்கத்திலிருந்து. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சுருங்கிச் சுருங்கி மறைந்தது. நனைந்த பஞ்சின் வாடை... அதன் அடியில் விஸ்கி.

அதற்குப் பிறகு சிறையில் எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் வீட்டுக்குப் போய்விட்டது.

ரூபென் நெல்டாவின் வீட்டில்தான் இருந்தான். விடுப்பு நாட்களின் முதல் இரவு. படுக்கையறை ஜன்னலில் நகத்தால் தட்டுவது போல ஒரு சத்தம். டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உறைபனிப் புல்லை மிதித்துக்கொண்டு யாரோ விலகிப் போகும் நொறுநொறுப்பு. அரை மணி கழித்து மீண்டும் டிக். விடியும் வரை ஒருமுறைகூடத் தவறவில்லை. காலையில் நெல்டா வெளியே போய்ப் பார்த்தாள். புல்லின் மேல் பனி கலையாமல் இருந்தது.

அவன் ஒரு மோட்டலுக்குப் போனான். அங்கேயும் டிக். தன் டிரக்கை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி அதற்குள்ளேயே படுத்தான். தலைமாட்டுக் கண்ணாடியில் டிக். இரண்டு வாரத்தில் அவனுக்கு ஒன்று பிடிபட்டது. தட்டியதும் அது காத்திருக்கிறது. இவன் மூச்சை வெளியே விட்ட பிறகுதான் போகிறது.

நான்காம் வாரம். நெல்டா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரூபென் தன் அறையில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். டிக் கேட்டது. அவன் வேண்டுமென்றே மூச்சை அடக்கினான்.

இருபது எண்ணும்வரை ஒன்றுமில்லை. பிறகு டிக் டிக் டிக். நாற்பதில் நகம் உள்ளங்கையாயிற்று. கண்ணாடி சட்டத்தோடு அதிர்ந்தது. அறுபதில் குரல் வந்தது. நெல்டாவும் கேட்டாள். இன்றும் அதைச் சொல்லும்போது ஈரக்கையைத் துடைப்பவளைப் போல மேலங்கியில் கையைத் துடைத்துக்கொள்கிறாள்.

"பாஸ்! யாராவது வாங்க பாஸ்! இந்த ஆளு மூச்சு விடல! ஐயோ, யாராவது ஓடி வாங்களேன்!"

வீட்டைச் சுற்றி ஓடியது அந்தக் குரல். முன்கதவு, பின்கதவு, அடுப்படி ஜன்னல்... ஒவ்வொன்றையும் அறைந்தது. நெல்டா ஈரக்கையோடு அண்ணன் அறைக்குள் பாய்ந்தாள். அவன் முகம் நீலம் பாரித்திருந்தது. முதுகில் ஓங்கி அறைந்தாள். மூச்சு வெளியே வந்தது. அந்த நொடியே வெளியில் எல்லாம் அடங்கியது. பிறகு, நிதானமாக, புல் நொறுங்கும் காலடிகள்.

"பழிவாங்க வந்திருந்தா நான் பாதிரியாரைக் கூட்டிட்டு வந்திருப்பேன்டி" என்று நெல்டா என்னிடம் சொன்னாள். "இவன் வந்தது என் அண்ணனைப் பத்திரமா பாத்துக்கறதுக்கு. அதை விரட்ட எந்தப் பாதிரியாரைக் கூப்பிடறது?"

ஆகஸ்டில் மரண விசாரணை வைத்தார்கள். வெளியே தார் உருகும் வெயில். நீதிமன்றக் கட்டடத்தின் இரண்டாம் மாடி அறை. உள்ளே போவதற்கு முன் கோபர்ன் ரூபெனைக் கோக் இயந்திரத்தின் பக்கம் ஒதுக்கி நிறுத்தினார்.

"இன்னும் நாலே மாசம், ஒச்சோவா. ரெண்டே வார்த்தை சொல்லு. 'பதிவில் இருக்கறபடி நடந்தது.' சொல்லிட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போ. வேற ஏதாவது உளறினா உனக்கு மட்டும் வேலை போகாது, அந்த மேசையில உக்காந்த எல்லாருக்கும் போகும். எவன் பிள்ளை படிப்பு நிக்கணும்னு நீ யோசிச்சுக்க."

"அது மூணு வார்த்தை, சார்ஜ்."

"வாயை மூடிட்டு உள்ள நட."

ரூபெனைச் சாட்சி நாற்காலியில் உட்காரவைத்து, நகராட்சி வக்கீல் பதிவைப் படித்தார். நேரம், அறை எண், மூச்சு உண்டு. நேரம், அறை எண், மூச்சு உண்டு. அழகான பதிவு, ஓர் இடைவெளி இல்லை. இறந்தவனின் தாய்க்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் நீதிபதி.

வெர்னா ட்ராமெல் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். எழுந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை என்பதுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நெல்டாவைக் கலக்கியது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும், மிஸ்டர் ஒச்சோவா. எம் பையன் கூப்பிட்டானா? தூக்கத்துலயே போயிட்டான்னு அந்தக் காகிதத்துல இருக்கு. அதை உங்க வாயால சொல்லிடுங்க. ஏழு மாசமா நான் தூங்கல. அதைக் கேட்டா போதும், வீட்டுக்குப் போயிடுவேன்."

பார்த்தீர்களா... அந்தப் பொய்யை அவளும் யாசித்தாள். சொன்னால் அவனுக்கு ஓய்வூதியம், அவளுக்குத் தூக்கம், மேசையில் உட்கார்ந்த எல்லாருக்கும் நிம்மதி. உலகத்தில் அத்தனை பேருக்கும் நன்மை செய்யக்கூடிய பொய் ஒன்று அவன் நாக்கில் தயாராக இருந்தது.

ரூபென் வாயைத் திறந்தான். தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது அவனுக்கே தெரியவில்லை என்று பிறகு சொன்னான்.

டிக்.

நீதிபதி ஜன்னல் பக்கம் திரும்பினார். "புறாவா?" என்றார். அந்த ஜன்னலுக்கு வெளியே புறா உட்காரக்கூட விளிம்பு கிடையாது. நேர்கீழே கார் நிறுத்துமிடம். டிக் டிக். வக்கீல் காகிதத்தைக் கீழே வைத்தார். பிறகு உள்ளங்கை. கண்ணாடி சட்டத்துக்குள் கடகடவென்று ஆடியது. ஒருவரும் எழவில்லை, அந்தத் தாயைத் தவிர. அவள் ஜன்னலை நோக்கி நடந்தாள். கண்ணாடியின் வெளிப்புறத்தில், அந்த ஆகஸ்ட் வெயிலில், ஒரு வாய் அளவுக்கு மூச்சுப் படலம் பூத்திருந்தது. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. அவள் உள்பக்கத்திலிருந்து அதன் மேல் கையை வைத்தாள்.

"சொல்லித் தொலை, ஒச்சோவா!" கோபர்ன் பாதி எழுந்துவிட்டார். "பதிவில் இருக்கறபடின்னு சொல்லு!"

ரூபென் மூச்சை விட்டான். ஜன்னல் அடங்கியது. அந்த நிசப்தத்தில் அவன் நீதிபதியைப் பார்க்கவில்லை, வக்கீலைப் பார்க்கவில்லை. அவளுடைய முதுகைப் பார்த்துப் பேசினான். கடைசி வரிசை வரை கேட்கும்படி, உரக்கவே பேசினான்.

"கூப்பிட்டான், மேம். ரெண்டு மணி வரைக்கும் கூப்பிட்டான். எனக்குக் கேட்டுது. நான் போகல. அந்தக் காகிதத்துல இருக்கற ஒரு வரிகூட நடக்கல... அன்னிக்கு மட்டும் இல்ல, அவன்கிட்ட மட்டும் இல்ல. பத்தொம்பது வருஷமா நாங்க யாரும் போய்ப் பாக்கறதே இல்ல."