அப்பாவின் படையலுக்கு மைசூர்பாகு

விருத்தாசலம் பஸ் நிலையத்தை ஒட்டிய இனிப்புக் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள்.

"இனிமே அப்பாவுக்குச் சக்கரை ஏறாது அத்தை, மைசூர்பாகே வாங்கிடலாம்," என்றாள் இளையவள்.

"ஏண்டி இப்படிப் பேசற? நாளைக்குப் படையல்ல வெக்கத்தான வந்தோம்."

"இல்ல அத்தை. படிச்சு முடிச்சு, உணவு ஆலோசனைன்னு போர்டு மாட்டினதும் அப்பாதான் மொத ஆளா வந்து ஒக்காந்தாரு. வர்றவங்கல்லாம் தலைய ஆட்டிட்டு, வூட்டுக்குப் போயி இஷ்டத்துக்குத் தின்னாங்க. அவரு மட்டுந்தான் நான் சொன்ன அளவுபடியே இருந்தாரு. என் நிச்சயதார்த்தத்துலகூட ஒரு துண்டு மைசூர்பாகு தொடல."

"பொண்ணு பேச்சத் தட்டக்கூடாதும்பாரு அண்ணன். லாரி மோதிப் போயிடுவாருன்னு யாரு கண்டா?"

கடைக்காரர் தட்டை இழுத்தார். "எவ்ளோம்மா போடட்டும்?"

"அளவு மட்டும் என்னக் கேக்காதீங்கண்ணே," என்றவள் அத்தையின் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.