தாணுலிங்கம் உட்காரும் அளவு நிலம்

வாய்மூடி இருந்தது போதும். நான்கு ஆண்டுகளாக இந்த ஊரின் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த மிக்சரைத் தின்று, கொடுத்த சாயாவைக் குடித்து, கைதட்டச் சொன்ன இடத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனவன் நான். இன்று பேசுகிறேன்.

வளைகுடா சென்று வளம் கொண்டு வந்த வள்ளல், வாசகசாலையின் நிரந்தரத் தலைவர் முத்துநாயகம் அவர்களே! தலைவர் தலையசைத்தால் தாமும் தலையசைக்கும் ஊர்க் கமிட்டிப் பெருமக்களே! முன்வரிசையில் இடம்பிடித்த மூத்தோர்களே! இடம் கிடைக்காமல் மதிலோரம் நிற்கும் தாய்மார்களே! இங்கே இருந்தும் கைப்பேசிக்குள் குடியிருக்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

அழைப்பிதழைப் பாருங்கள். வரவேற்புரைக்குப் பெயர் உண்டு. வாழ்த்துரைக்கு ஏழு பெயர்கள் உண்டு. பொன்னாடை போர்த்துபவருக்கும் பெயர் உண்டு. நன்றியுரைக்கு மட்டும் ‘உறுப்பினர் ஒருவர்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். பொருளாதாரத்தில் முதுகலை படித்த ஒருவன் இதே ஊரில் இருக்கிறான். அவனிடம் கேட்கலாமே என்று எவருக்கும் தோன்றவில்லை. போகட்டும். அந்த உறுப்பினர் நானே என்று எடுத்துக்கொண்டேன். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன். மேடையில் யாரும் நெளிய வேண்டாம்.

என் முதல் நன்றி அந்த வெளிநாட்டு விமான நிறுவனத்துக்கு. அவர்கள் பறக்கிறார்கள், பறந்தால் புகை வருகிறது, புகை வந்தால் மனம் வருந்துகிறது, மனம் ஆற மரம் நட வேண்டும். எங்கே நடுவது? அவர்கள் ஊரில் நிலம் விலை அதிகம். நம் ஊரில் நிலமும் மலிவு, நாமும் மலிவு. ஆகவே 2009ஆம் ஆண்டு, ஊர்ப் பொதுவான நம் வடக்கு மேட்டில் மகாகனிக் கன்றுகள் வந்து இறங்கின. முப்பது ஆண்டுக்கு அந்த மண்ணில் மண்வெட்டி படக்கூடாது, ஒரு கன்று குறைந்தாலும் ஊருக்கு வரும் தொகை நின்றுபோகும் என்பது ஒப்பந்தம். அதை மயிலாடியில் கல்லில் கொத்தி வாங்கி, மாலை போட்டு நாட்டினோம். தொகையும் வந்தது. நான் நிற்கும் இந்த மேடை, என் குரலை இரைச்சலாக்கும் இந்த ஒலிபெருக்கி, வாசலில் தலைவர் பெயர் மின்னும் அலங்கார வளைவு எல்லாம் அந்தப் புகையின் புண்ணியம்.

வடக்கு மேடு என்ன இடம்? தெரியாததுபோல் என்னைப் பார்க்காதீர்கள். அது நம் இடுகாடு. நாம் கும்பிடும் அய்யா வழி நெறியில் இறந்தவரை எரிப்பதில்லை, படுக்க வைப்பதும் இல்லை. நெற்றியில் நாமமிட்டு, சம்மணமிட்டு, வடக்கு நோக்கி உட்கார வைத்து மண் மூடுகிறோம். தர்மயுகம் பிறக்கும்வரை அவர் அப்படியே காத்திருப்பார். கடலோர ஊர்களுக்குப் போனால் கல்லறைதோறும் சிலுவையும் பெயரும் நிற்கும். இடம் யாருடையது என்று பார்த்ததும் தெரியும். நம் மேட்டில் கல்லறை கட்டும் வழக்கம் இல்லை. இரண்டு மழை பெய்தால் புல் மூடிவிடும். நிறுவனத்தார் வந்து பார்த்தார்கள். பசும்புல். பரந்த வெளி. யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டார்கள். தலைவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்.

“உயிரோட உள்ள ஒருத்தரும் இல்ல சார்.”

சிரிக்காதீர்கள் பின்வரிசையாரே. இதில் ஒரு சொல் பொய் உண்டா?

மாற்று இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றது கமிட்டி. இன்னும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. தோப்பு உள்ளவர்கள் தத்தம் தோப்பில் தகப்பனை வைத்தார்கள். தோப்பு இல்லாதவர்கள் சாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் கமிட்டியின் எதிர்பார்ப்பு.

அந்த எதிர்பார்ப்பைக் கெடுத்தவர் தாணுலிங்கம். மேட்டில் கன்றுகளுக்குக் குழி தோண்டிய கூலியாள். தோண்டும்போது ஒரு நாள் குழிக்குள் இறங்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு, கூடத் தோண்டிய நேசையனை அழைத்தார்.

“ஏலே நேசையா, நல்லா பாரு. எனக்க தல வெளிய தெரியுதா?”

“தல மட்டுமா? தொப்புளும் தெரியுது. இன்னும் ரெண்டு முழம் போணும்.”

“அதுக்குத் தனிக் கூலி கேக்கணும் மக்கா.”

அடுத்த ஆடியில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். வாசகசாலையில் கமிட்டி கூடியது. நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் எரித்துவிடலாம், செலவு தன் பொறுப்பு என்று தலைவர் பெருந்தன்மையோடு முன்வந்தார். மனைவி அன்னக்கிளி கதவருகில் நின்றிருந்தார். நாம் அண்டி ஆபீஸ் என்கிறோமே, அந்த முந்திரி ஆலையில் கொட்டை உடைத்துக் கறைபட்ட கைகள். அந்தக் கைகளைக் கூப்பி அவர் கேட்டார்.

“எரிச்சா அவிய எங்க இருப்பாவ அண்ணாச்சி? மேட்டுல உள்ளதெல்லாம் அவிய தோண்டின குழிதானே. அதுல ஒண்ண அவியளுக்குத் தாருங்க.”

கமிட்டி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தது. பார்த்துவிட்டு எழுந்து போனது. தாணுலிங்கம் தன் வீட்டு மூன்று சென்ட் நிலத்தில், அடுக்களைக்கும் கிணற்றுக்கும் இடையே உட்கார வைக்கப்பட்டார்.

பொருளாதாரம் படித்தவன் ஒரு கணக்குப் பார்க்கலாமா? மரம் புகையிலுள்ள கரியைத் தன்னுள் அடக்கி வைக்கிறது. அதற்காக அதற்கு விலை. மனிதனிலும் அதே கரிதான் இருக்கிறது. எரித்தால் புகை. புதைத்தால் சேமிப்பு. மகாகனி முப்பது ஆண்டுதான் தாங்கும். தாணுலிங்கம் தர்மயுகம் வரை தாங்குவதாக இருந்தார். மகாகனிக்கு எண் உண்டு, தகரப் பட்டை உண்டு, ஆகாயத்திலிருந்து எடுத்த படம் உண்டு. தாணுலிங்கத்துக்கு? இருந்தபோது நாள்கூலி. இறந்தபோது இடைஞ்சல்.

இரண்டாம் நன்றி, நிறுவனம் அனுப்பிய அறிஞருக்கு. இரண்டு கடல் கடந்து பறந்து வந்து, கன்னியாகுமரி ஓட்டலில் நாமெல்லாம் நடுங்கும் குளிரூட்டிய அறையில், சூழலியல் காலடித் தடம் பற்றிப் பாடம் எடுத்தார். ஒருவர் உண்ணவும் உடுக்கவும் போகவும் வரவும், கழித்ததை எறியவும் எவ்வளவு பூமி வேண்டும் என்ற கணக்கு அது. அன்னக்கிளியை மேடைக்கு அழைத்து அளந்தார். உலகத்தார் அனைவரும் இந்த அம்மையைப்போல வாழ்ந்தால் பூமியில் கால்பங்கு போதும், தன்னைப்போல வாழ்ந்தால் நான்கு பூமி வேண்டும் என்றார். கைதட்டினோம். பரிசாக ஒரு மரக்கன்றையும் கொடுத்தார். வீட்டில் நட இடமில்லை என்று அன்னக்கிளி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். அதற்கும் கைதட்டினோம்.

கால்பங்கு போதும் என்றால், அவர் தொடாமல் விட்ட முக்கால் பங்கு எங்கே? யார் தின்றார்? யார் உடுத்தார்? யார் அதில் ஏறிப் பறந்தார்? வாழ்நாளெல்லாம் தன் பங்கை உலகுக்கு விட்டுக்கொடுத்த ஒருத்திக்கு, அந்த உலகம் ஒரு குழி கொடுக்கக் கூடாதா? விமானத்தில் ஒருவர் சாய்ந்து உட்கார, இங்கே ஒருவர் சம்மணமிட்டு உட்காரவும் இடமில்லை என்றால், இந்தக் கணக்குக்கு என்ன பெயர்? பசுமை என்று பெயர். நாமே கல்லில் கொத்தி வைத்திருக்கிறோம்.

இப்போது அன்னக்கிளி படுக்கையில் இருக்கிறார். நாகர்கோவில் டாக்டர் இனி அலைய வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுக்களை ஓரத்தில் இன்னொருவர் உட்கார இடமில்லை. மேட்டுக்கு வேலி வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, போன மாதம் மகள் அபிதாவைக் கமிட்டிக்கு அனுப்பினார். “எனக்கொரு எடத்தச் சொல்லிட்டு வேலியக் கட்டச் சொல்லு மக்களே” என்பதுதான் மகளிடம் அவர் சொல்லிவிட்ட செய்தி. கமிட்டி அதைப் பரிசீலனையில் வைத்துவிட்டு, மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டுவது என்பதை இன்றைய கூட்டத்தின் நான்காம் பொருளாகச் சேர்த்திருக்கிறது.

வேலிக்குக் கையுயர்த்தும் முன் ஒரு சொல். தலைவர் அவர்களே, தோப்பை மனை போட்டு விற்றுவிட்டீர்கள். முற்றத்தில் மதில்முதல் மதில்வரை கல் பதித்துவிட்டீர்கள். நூறாண்டு வாழுங்கள். அதன்பின் எங்கே உட்காரப் போகிறீர்கள்? கமிட்டிப் பெருமக்களே, நீங்கள்? கைதட்டிய நாம்? சாகாத ஊரொன்றின் சார்பில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் ஐயா! அந்த நிறுவனத்தைக்கூட நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அது யாருடைய மேடு என்று இன்றுவரை அவர்களிடம் எவரும் சொல்லவில்லை. ஒரே வரி எழுதுங்கள்: ‘இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னும் சிலர் வர இருக்கிறார்கள்.’ தொகை நின்றால் நிற்கட்டும். ஒரு வரிசை மரத்தை எடுத்து, அன்னக்கிளி கண்மூடும் முன் அவரிடம் போய் இடத்தைச் சொல்லுங்கள்.

பொறுமைக்கு நன்றி. மிக்சருக்கும் நன்றி. அய்யா உண்டு.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். இதை மேடையில் பேசப்போவதில்லை. நான் ஏறினால், தலைவர் தேர்தலில் தோற்றவன், வீட்டுக்குப் போகும் வழித் தகராறிலும் அவரிடம் தோற்றவன், வயிற்றெரிச்சலில் கத்துகிறான் என்பீர்கள். மூன்றும் உண்மை. அந்த உண்மைகளைப் பேசிக்கொண்டே நான்காம் பொருளை நிறைவேற்றிவிடுவீர்கள். ஆகவே வீட்டுக்கொரு பிரதியாக, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் கிடைக்கும்படி, இரணியலுக்குப் போய்த் தபாலில் போடுகிறேன். பெயர் போடவில்லை. கீழே கையெழுத்துக்கு உரிய இடம் வெறுமையாகக் கிடக்கும்.

காலியிடம் என்று நினைத்து அதில் மரம் நட்டுவிடாதீர்கள்.