துவாயில் சுற்றிய சதங்கை

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும் பஸ் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன் சீற்றில் ஒரு நடன ரீச்சரும் அவரிடம் பழகும் பிள்ளையின் தாயும் இருந்தார்கள். ரீச்சரின் மடியில் துவாயால் இறுக்கிச் சுற்றிய பொதி ஒன்று.

“நேற்று நான் ரோட்டில ஆடினனான், அக்கா.”

அதற்குப் பிறகு என்னால் பேப்பர் வாசிக்க முடியவில்லை.

“என்ன ரீச்சர் கதைக்கிறியள்?”

“கொள்ளுப்பிட்டியில எல்லாரையும் பஸ்ஸால இறக்கிச் செக் பண்ணினவங்கள். ஒரு ஆமிக்காரன் என்ர பையைக் கிண்ட, இந்தச் சதங்கை அம்பிட்டுது. டான்ஸ் ரீச்சர் எண்டன். அப்ப ஆடிக் காட்டட்டாம்.” ரீச்சர் முகத்தைத் தாழ்த்திக்கொண்டார்.

“கடவுளே! துவக்கோட நிக்கிறவனிட்ட மாட்டன் எண்டு சொல்லேலுமோ? அதுக்கு நீங்கள் ஏன் வெட்கப்படுறியள்?”

“பயத்திலதான் தொடங்கினனான். ரெண்டு அடி வைச்சிட்டு நிப்பாட்டியிருக்கலாம். நிமிர்ந்து பார்த்தா, லைனில நிண்ட சனம் முழுக்க என்னையே பாக்குது. வீடு வீடாப் போய்க் கூப்பிட்டாலும் என்ர புரோகிராமுக்குக் கதிரை காலியாத்தான் கிடக்கும். அந்த லைனில ஒருத்தரும் அசையேல்லை. அபிநயத்தோட முழுசா ஆடிப்போட்டன், அக்கா.”



“பிறகு விட்டவங்களோ?”

“ஓம். முதல்ல கை தட்டினது அந்த ஆமிக்காரன்தான்.” ரீச்சர் பொதியை இறுக்கிப் பிடித்தார். “நான் மேடையில மாதிரிக் குனிஞ்சு அவனைக் கும்பிட்டனான்.”