எண்பதிலேயே வரும் வண்டி

— ஹாரன்லேர்ந்து கையை எடுக்காதே! விடாம அடி!

— அடிச்சுட்டுத்தானே இருக்கேன், மாஸ்டர்! அந்த ஆள் தலையைத் திருப்பினாத்தானே! முதல் கேமராக் கம்பத்துலேர்ந்து நம்ம பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வர்றான். முன்னாடியும் போகல, பின்தங்கவும் இல்ல.

— கட்டின புருஷனை மாஸ்டர்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை...

— டிரைவிங் ஸ்கூல்காரர் பக்கத்துல உக்காந்து வழியெல்லாம் பாடம் எடுத்தா வேற எப்படிக் கூப்பிடறது? உடைஞ்ச காலுக்குக் கட்டுப் போட்ட டாக்டர், வாய்க்கும் ஒண்ணு போட்டிருக்கலாம். என்ன சொன்னீங்க இவ்வளவு நேரம்? 'ஓர லேன்ல போற சாம்பல் வண்டியைப் பாரு. கேமராவைக் கண்டா பிரேக், தாண்டினா பறக்கறதுங்கற கதையே இல்ல. கோட்டைத் தொடல. எண்பதுன்னா எண்பது. பார்த்துக் கத்துக்கோ'ன்னு.

— சொன்னேன் தாயே, சொன்னேன். அவன் கண்ணு மூடியிருந்ததை அப்ப நான் பார்க்கல.

— பின் சீட்டுல குழந்தை வேற. என்னைப் பார்த்து கை ஆட்டுது.

— இரு, ரிங் போகுது. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்.

— நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறை. சொல்லுங்க சார்.

— மேடம், எண்பது வேகக் கேமரா எல்லைக்குள்ள போயிட்டிருக்கோம். பக்கத்து வண்டியில டிரைவர் தூங்கிட்டார். வண்டி தானா ஓடுது.

— ஸ்டீயரிங்ல கை இல்லேன்னா அந்த மாதிரி வண்டி கத்திக் கத்தியே நின்னுடுமே, சார்?

— கைக்குப் பதிலா தண்ணி பாட்டிலை ஸ்டீயரிங்ல சொருகி வெச்சிருக்கான், புத்திசாலி! வண்டி அதைக் கைன்னு நம்பிட்டு ஓடுது. எங்கிட்ட படிச்சவங்களே இந்த வேலையைச் செய்யறாங்க, கேட்டா கை வலிக்குதாம்.

— என்ன வண்டி? நம்பர் தெரியுதா?

— சாம்பல் கலர். முன்னாடி மூலையில நசுங்கியிருக்கு. கடைசி நாலு எண் நாலு, ஏழு, ஒண்ணு, ஒண்ணு. ஹலோ? மேடம்? லைன் போயிடுச்சா?

— இருக்கேன் சார்.

— பின்னாடி குழந்தை இருக்கு, மேடம்.

— பெல்ட் போட்டிருக்காளா?

— போட்டிருக்கு. ஏதோ பொம்மையை ஆட்டிக் காட்டுது எங்களுக்கு.

— சரி. கவனமாக் கேளுங்க. எல்லை முடியற இடத்துல நூத்து இருபதுன்னு பலகை இருக்கு. இந்த வண்டி பலகையைப் படிக்கும். படிச்ச உடனே தானா வேகம் ஏத்தும். அதுக்கு அந்தப் பக்கம் வளைவு. வளைவு தாண்டி பழுதான லாரி ஒண்ணு ஓர லேன்லயே நிக்குது.

— அந்தப் பலகையை அணைச்சு வெய்ங்க மேடம்!

— அது தகரப் பலகை சார். இங்கேர்ந்து எதுவும் பண்ண முடியாது. ரோந்து வண்டி வர்றதுக்குள்ள நீங்க பலகையைத் தாண்டிடுவீங்க. யார் ஓட்டறது?

— என் சம்சாரம்.

— அக்கா, நீங்கதான் அதை நிறுத்தணும்.

— நானா? ஐயோ சாமி! நெடுஞ்சாலையில நான் வண்டி ஓட்டறதே இன்னிக்குத்தான்மா!

— அதுக்கு முன்னாடி போய் நில்லுங்க, போதும். முன்னாடி வண்டி இருந்தா அது இடைவெளி விட்டுக் குறையும். நீங்க நின்னா அதுவும் நிக்கும்.

— நிக்கலேன்னா? நம்ம முதுகுல வந்து ஏறிடுச்சுன்னா?

— ஏய், பார்த்து! பின்னாடி சிவப்பு வண்டிக்காரன் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கறான்.

— அவசரத்துக்குப் பொறந்தவன்! நம்ம வலப் பக்கமாப் பூந்து தாண்டறான் பாருங்க! நமக்குக் குறுக்கே வெட்டி, சாம்பல் வண்டிக்கு முன்னாடியே சொருகிட்டான்!

— மேடம்... குறையுது. சாம்பல் வண்டி தானா குறையுது! சிவப்பு வண்டி நகர்ந்ததும் மறுபடி எண்பதுக்கு வருது!

— பார்த்தீங்களா அக்கா? அதையேதான் நீங்க செய்யப் போறீங்க. கொஞ்சம் வேகம் கூட்டி, தாண்டி, மெதுவா அதுக்கு முன்னாடி வாங்க.

— கேமரா பிடிக்குமே!

— பிடிக்கட்டும்டி! பிடிச்சு ஃப்ரேம் போட்டு மாட்டட்டும்! மிதி!

— இந்த வார்த்தையை உங்க வாயால கேட்க நான் எத்தனை வருஷம்... சரி, மிதிச்சுட்டேன். தாண்டிட்டேனா?

— இன்னும் கொஞ்சம். அவன் ரெண்டு ஹெட்லைட்டும் கண்ணாடியில தெரியணும். தெரியுதா? சிக்னல் போடு.

— யாருக்குங்க சிக்னல்? அந்த ஆள் தூங்கறான்!

— பின்னாடி வர்றவனுக்குப் போடு! இப்ப உள்ள வா. கோட்டைத் தாண்டு. பயப்படாதே, நான் இருக்கேன்ல.

— வந்துட்டேன். வந்துட்டேன்.

— அக்கா, ஓர லேனுக்கு மேல இருக்கற மின் பலகையில சிவப்புக் குறி போட்டுட்டேன். பின்னாடி இனிமே யாரும் வர மாட்டாங்க. பிரேக்கை மெதுவா அமுக்குங்க.

— பின்னாடி கிட்ட வருது... மாஸ்டர், ரொம்பக் கிட்ட வருது!

— வரட்டும். குறையுது பாரு. அறுபது. நாப்பது. காலை எடுக்காதே. இருபது... அவ்வளவுதான். அவ்வளவுதான்டி கண்ணு. நின்னுடுச்சு.

— வண்டியை நகர்த்திடாதீங்க அக்கா. நீங்க நகர்ந்தா அதுவும் நகரும். ஹாண்ட் பிரேக் போட்டுட்டு போனோட இறங்குங்க. சார் இறங்க வேண்டாம்.

— என் காலு இருக்கற லட்சணத்துல நான் எங்க இறங்கறது? நீ போ. பார்த்துப் போ.

— வந்துட்டேம்மா. கண்ணாடியைத் தட்டறேன். ஆளு அசையல. கதவு எல்லாம் பூட்டியிருக்கு. கல்லை எடுத்து உடைக்கவா?

— வேண்டாம் அக்கா, அவ மேல சிதறும். பெல்ட்டை அவுத்துட்டு, ரெண்டு சீட்டுக்கு நடுவுல எட்டி, பூட்டுப் படம் போட்ட பொத்தானை அமுக்கச் சொல்லுங்க.

— இத்துனூண்டு குழந்தைக்கு அதெல்லாம் எப்படிம்மா தெரியும்?

— தெரியும். சொல்லிப் பாருங்க.

— பாப்பா! இங்க பாரு! பெல்ட்டை அவுரு... ஆமா, அவுத்துட்டா. நடுவுல வாடா தங்கம். அந்தப் பூட்டுப் படம்... அட, அமுக்கிட்டா! திறந்துடுச்சு!

— முதல்ல வண்டியை அணைங்க. இன்ஜின் பொத்தானைக் கொஞ்ச நேரம் விடாம அழுத்துங்க.

— அணைச்சாச்சு. ஐயா! ஐயா, எழுந்திருங்க! ஐயா...

— அக்கா? சொல்லுங்க.

— உடம்பு சில்லுன்னு இருக்கும்மா.

— ஏசி ஓடிட்டு இருந்திருக்கும்.

— இல்லம்மா. கழுத்துல துடிப்பே இல்ல. தாடை இறுகிக் கெடக்கு. இது இப்ப நடந்தது இல்ல. எங்கப்பாவை இப்படிப் பார்த்திருக்கேன். எத்தனை கேமராவை இந்த மனுஷன் இப்படியே தாண்டி வந்தாரோ...

— ஏய்! என்னாச்சு? கண்ணாடி வழியா ஒண்ணும் தெரியலயே, சத்தமாச் சொல்லு!

— கொஞ்சம் சும்மா இருங்க, மாஸ்டர்!

— ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்கு அக்கா. அவ... பாப்பா என்ன பண்றா?

— வாய்ல விரலை வெச்சு என்னை உஷ்ஷுங்கறா. அப்பா தூங்கறாராம். எழுப்பக் கூடாதாம்.

— அழறாளா?

— இல்லம்மா. அவர் தோளைத் தட்டிக் குடுத்துட்டே இருக்கா. எனக்குத்தான் தாங்கல. ஏம்மா, உன் குரல் என்னவோ போல இருக்கே. வேற யாராவது இருந்தா அவங்ககிட்ட லைனைக் குடேன்.

— சூப்பர்வைசர் கேட்டார். நான்தான் குடுக்க மாட்டேன்னுட்டேன்.

— இப்ப இந்தக் குழந்தைகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?

— நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் அக்கா. வெளிய தூக்கிட்டு வந்து, தடுப்புக்கு அந்தப் பக்கம் உக்கார வெய்ங்க. அவரைப் பார்க்காத மாதிரி உக்கார வெச்சுட்டு, போனை அவ கையில குடுங்க.

— குடுத்து?

— அம்மா பேசறேன்னு சொல்லுங்க.